தூரத்தைக் கிலோவில் அளக்கும் வேலை

ஒரு விமானம் கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே அதைக் காகிதத்தில் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஃப்ளைட் டிஸ்பாட்ச்சர் என்று எங்களைச் சொல்வார்கள். எந்த வழியாகப் போவது, எந்த உயரத்தில் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, போய்ச் சேரும் ஊரில் இறங்க முடியாமல் போனால் எங்கே ஒதுங்குவது, இதெல்லாம் முடிவாகி, நானும் கேப்டனும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் அசையும். தில்லியில் ஒரு விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில், பெரும்பாலும் இரவு ஷிஃப்டில், என் உத்தியோக காலம் கழிந்தது. தில்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் பெரும்பாலானவை நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோ கிளம்புபவை. ஊர் தூங்கும் நேரத்தில்தான் எங்களுக்கு வேலை மும்முரம்.

திருச்சியிலிருந்து உறவுக்காரர்கள் ஃபோன் செய்தால் கேட்பது இரண்டே கேள்விகள். அமெரிக்கா எவ்வளவு தூரம்? போக எத்தனை மணி நேரம்? இரண்டுக்கும் இப்போது கைப்பேசியில் நொடியில் விடை கிடைக்கிறது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் கிலோமீட்டர் வருகிறது. அதைச் சராசரி வேகத்தால் வகுத்து மணியும் வருகிறது. அந்தக் கிலோமீட்டர் பிசகில்லாத கணக்குதான். ஆனால் நீண்ட தடங்களில் அந்தக் கோட்டின் மேல் விமானம் அப்படியே பறப்பது அபூர்வம். எங்கள் மேசையில் தூரம் என்பது நாளுக்கு நாள் மாறும். கடைசியில் அது கிலோமீட்டராகக்கூட இருப்பதில்லை; எரிபொருளின் எடையாக, கிலோகிராமாக மாறி நிற்கும்.

தில்லி–சான் ஃபிரான்சிஸ்கோ தடத்தையே எடுத்துக்கொள்கிறேன். நான் விரும்பிக் கணக்குப் போட்ட தடம் அது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 12,380 கிலோமீட்டர். எங்கள் பேச்சில் 6,680 நாட்டிகல் மைல். அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். வானத்தில் திசையும் இடமும் பாகையில் சொல்லப்படுவதால் இந்த அளவுதான் கைக்கு வசதி.

பள்ளிக்கூட உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்து இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்தால் கோடு சீனா, ஜப்பான் என்று போய் பசிபிக்கின் நடுவே நீளும். உருண்டையின் மேல் அதே கோட்டை இழுத்தால் கதையே வேறு. தில்லியை விட்டதும் கிட்டத்தட்ட வடக்கே திரும்பி, லடாக்கின் கிழக்கு விளிம்பு, சீனாவின் ஸின்ஜியாங், அல்தாய் மலைகள், சைபீரியாவின் க்ராஸ்னயார்ஸ்க் நகரம் என்று ஏறும். ஆர்க்டிக் கடலில் 75 பாகை வட அட்சரேகையைத் தாண்டித் தொட்டுவிட்டு, அலாஸ்காவுக்குள் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோரமாகக் கலிஃபோர்னியா சேரும். கிரேட் சர்க்கிள் என்று இதற்குப் பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் இதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். இரண்டாவது வாரத்தில், இந்தக் கோட்டில் ஏன் போக முடியாது என்று கற்றுக்கொள்வார்கள்.

முதல் தடை வாசலிலேயே நிற்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால் விமானி 10,000 அடிக்கு இறங்கப் பார்ப்பார். அங்கேதான் முகமூடி இல்லாமல் மூச்சு விடலாம். பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பல விமானங்களில் 12 முதல் 22 நிமிடம் வரைதான் தாங்கும். இமயத்தைத் தாண்டினால் திபெத்தியப் பீடபூமி. அங்கே தரையே 15,000 அடி உயரத்தில் கிடக்கிறது. இறங்குவதற்கு இடம் எங்கே? சீனாவின் மேற்கே எல்888 என்று ஒரு வான்வழி இருக்கிறது. கூடுதல் ஆக்சிஜனும், எந்தப் புள்ளியில் கோளாறு வந்தால் எந்தப் பக்கம் தப்பித்து இறங்குவது என்ற திட்டமும் கையில் இருந்தால்தான் அதில் அனுமதி. லடாக்கின் மேலாக நேரே சீனாவுக்குள் நுழையவோ பயணிகள் விமானத்துக்கு வழியே கிடையாது. ஆக, தில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போக, ஒன்று மேற்கே சுற்ற வேண்டும், அல்லது கிழக்கே சுற்ற வேண்டும்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில்தான் எங்கள் தொழிலின் சாரம் இருக்கிறது. ஏர் இந்தியா இந்தத் தடத்தை 2015 டிசம்பரில் தொடங்கியபோது விமானம் மேற்கே, ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் கடந்து போனது. தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதைத் திருப்பிப் போட்டார்கள். போயிங் 777-200எல்ஆர் கிழக்கே சீனா, ஜப்பான், பசிபிக் வழியாகப் போனது. தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்த விமானம், பதினாலரை மணி நேரத்தில், முன்பைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் சீக்கிரமாகவே இறங்கியது. அன்றைக்குப் பத்திரிகைகள் உலகின் மிக நீளமான இடைநில்லா விமானப் பயணம் என்று அதைக் கொண்டாடின. எங்கள் அறையில் பேச்சு வேறாக இருந்தது: இதுதான் குட்டையான வழி.

கணக்கைப் பாருங்கள். அந்த விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 15,300 கிலோமீட்டரைப் பதினாலரையால் வகுத்தால் தரைக்கு மேல் அது போன வேகம் மணிக்கு 1,055. மிச்சம் 155 கிலோமீட்டரும் முதுகில் தள்ளிய காற்றின் உபயம். பதினாலரை மணி நேரம் 900 கிலோமீட்டர் என்றால் விமானம் காற்றுக்குள் கடந்தது 13,050 கிலோமீட்டர்தான். மேற்கு வழியில் பதினாறரை மணி நேரம் என்று வைத்தால் காற்றுக்குள் 14,850 கிலோமீட்டர் கடந்தாக வேண்டும். எதிர்க்காற்று சுமார் ஆயிரம் கிலோமீட்டரை வழியில் சேர்த்துவிடுகிறது. நாங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் ஃப்ளைட் ப்ளானின் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருக்கும்: கிரவுண்ட் டிஸ்டன்ஸ், ஏர் டிஸ்டன்ஸ். பயணிக்குச் சொல்வது முதலாவது. எஞ்சினுக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே. காவிரியில் பரிசல் ஓட்டுகிறவரிடம் அக்கரை எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஆற்றில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். எங்கள் பதிலும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது என்ன ஆகும்? சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் வழியாகவே திரும்பினால் அதே காற்று முகத்தில் அறையும். அதனால் வடதுருவத்தை ஒட்டியோ, அட்லாண்டிக் பக்கமாகவோ வழி தேடுவோம். போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்றால் விமானம் ஒரே திசையில் பறந்து உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தில்லிக்கு வந்து நிற்கும். என் பெரியம்மாவுக்கு இதைவிடக் கடிகாரம்தான் பெரிய புதிர். "போறப்போ விடிகாலை நாலு மணிக்கு ஏறினேன், அன்னிக்கே காலை ஏழு மணிக்கு இறங்கிட்டேன். வர்றப்போ ஒரு நாளையே காணோம்டி" என்றார். கோடைக்காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நாலு மணிக்கு ஏறிப் பதினைந்தரை மணி நேரம் பறந்தால் நமக்கு இரவு ஏழரை, அவர்களுக்கு அதே தேதியில் காலை ஏழு. திரும்புகையில் இதே நேர வித்தியாசம் பறக்கும் நேரத்தோடு கூடிக்கொள்கிறது; காணாமல் போன நாள் அதுதான்.

பூமி சுற்றுவதால்தான் கிழக்கே போவது சீக்கிரமா என்று படித்தவர்களும் கேட்பார்கள். பூமி சுற்றும்போது காற்று மண்டலமும் கூடவே சுற்றுகிறது. அந்தரத்தில் நின்றால் அமெரிக்கா நம்மைத் தேடி வந்துவிடாது. ஆனால் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நிலநடுக்கோட்டின் சூடான காற்று உயரத்தில் துருவத்தை நோக்கி நகரும்போது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே வளைத்துவிடுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் எதிர்கொள்ளும் விளிம்பில், ஏறத்தாழ 30,000 முதல் 40,000 அடி உயரத்தில், அது ஒடுங்கிய வேகக் காற்றோட்டமாகிறது. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு.

இதை முதலில் அளந்து எழுதிவைத்தவர் வாசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். தாதெனோ ஆய்வகத்திலிருந்து 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கியால் தொடர்ந்து, குளிர்காலத்து மேற்குக் காற்றின் வேகத்தைக் கணித்தார். உலகம் படிக்க வேண்டுமே என்று 1926இல் தன் அறிக்கையை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறின. இன்றைக்கு லண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள இரண்டு உலக வானிலை மையங்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உலகம் முழுவதற்குமான மேல்காற்று முன்கணிப்பைத் தருகின்றன. எங்கள் மென்பொருள் அதை விழுங்கி, நூற்றுக்கணக்கான வழிகளை ஒப்பிட்டு, ஒன்றை முன்னால் வைக்கிறது. பசிபிக்கில் அன்றைய காற்றுக்கேற்ப ஓக்லண்டும் ஃபுகுவோகாவும் தினமும் புதுத் தடங்களை வகுத்து வெளியிடும். அட்லாண்டிக்கில் அதே வேலையை கேண்டரும் ஷான்விக்கும் செய்கின்றன. நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது.

ஃப்ளைட் ப்ளானில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே காற்றின் கணக்கு இருக்கும். பி என்ற எழுத்தோடு வந்தால் பின்னாலிருந்து தள்ளும் காற்று, எம் என்றால் முகத்தில் மோதும் காற்று. ஜனவரி மாதத்தில் ஜப்பானைத் தாண்டும் வரிகளில் பி 140, பி 155 என்று வரிசையாக நிற்கும். பார்க்கவே மனசு குளிரும். ஜூன் மாதத்தில் அதே இடத்தில் பி 30, பி 25. ஜெட் ஸ்ட்ரீம் கோடையில் வலுவிழந்து வடக்கே ஒதுங்கிவிடும். அதே விமானம், அதே தடம், பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டுவிடும். கோடைக்காலம் வேறு ஒரு வழியிலும் எங்களைப் படுத்தும். அதைச் சொல்ல, எடையின் கணக்கைக் கொஞ்சம் விரித்தாக வேண்டும்.

எரிபொருளை நாங்கள் லிட்டரில் பேசுவதில்லை. சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் ஒன்றை லிட்டரில் நம்ப முடியாது; எடை மாறாது. ஒரு 777 மணிக்கு ஏழெட்டு டன் குடிக்கும். பயணத்துக்கான எரிபொருள் ஒரு பங்கு. ஓடுதளம் வரை உருண்டு போவதற்கு ஒரு பங்கு. காற்று முன்கணிப்பு பொய்த்தால் சமாளிக்கப் பயண எரிபொருளில் நூற்றுக்கு ஐந்து வரை கூடுதல். இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக ஒரு பங்கு. அங்கேயும் வானத்தில் வட்டமடிக்க 30 நிமிடத்துக்கு ஒரு பங்கு. இந்தக் கடைசிப் பங்கில் கை வைத்தால் விமானி மேடே என்று அபாயக் குரல் கொடுத்தாக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே கேப்டன் விரும்பிக் கேட்பது.

இதில் உள்ள சங்கடம், எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும் என்பது. கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு அதைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடும். சென்னை–தில்லி மாதிரி இரண்டரை மணி நேரப் பயணத்தில் அது பொருட்டே இல்லை. பதினைந்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது.

மே மாதக் கடைசியில் ஓர் இரவு. விடிந்தால் கிளம்ப வேண்டியது 777-300ஈஆர். இரவு ஒரு மணிக்கும் தில்லியில் 35 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்கு விசையும் குறையும், எஞ்சினுக்கு உந்து விசையும் குறையும். ஓடுதளம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த விமானம் கிளம்பக்கூடிய அதிகபட்ச எடையிலிருந்து சில டன் கழிந்துவிடும். பசிபிக்கில் தள்ளுகாற்றும் இல்லாத பருவம் என்பதால் எரிபொருள் கூடுதலாக வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கம். அன்றைய கேப்டன் கோயம்புத்தூர்க்காரர். என் மேசைக்கு வந்து ப்ளானைப் புரட்டினார்.

"ஏம்மா, ஆல்டர்னேட் ஓக்லண்ட் போட்டிருக்கீங்க. அதுவும் அதே குடாக்கரையிலதானே இருக்கு? இங்கே மூடினா அங்கேயும் மூடுமே."

அவர் சொன்னது சான் ஃபிரான்சிஸ்கோவின் கோடைக்கால விடியலை. குளிர்ந்த கடலிலிருந்து தாழ்ந்த மேகம் குடாவுக்குள் நுழைந்து காலை பத்து மணி வரைகூட அடைத்துக்கொள்ளும். அந்த நிலையத்தில் விமானங்கள் இறங்கும் இரண்டு இணை ஓடுதளங்களுக்கும் இடைவெளி 750 அடிதான். வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் இறங்கும். மேகம் கவிந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இறங்க முடியும். மணிக்கு இறங்கும் விமானங்கள் ஏறத்தாழ பாதியாகிவிடும். மிச்சமுள்ளவை வானத்தில் வட்டமடிக்க வேண்டியதுதான்.

"சாக்ரமெண்டோ மாத்தறேன் சார். கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கு. அங்கே அந்த நேரத்துக்கு வெயிலடிக்கும்."

"செய்யுங்க. அதோட ரெண்டு டன் சேத்துப் போடும்மா, வட்டம் போட வேண்டியிருக்கும்."

"ரெண்டு டன் அங்கே போய் இறங்கறப்போ இருக்கணுமா, இங்கே ஏத்தினா போதுமா சார்?"

"அங்கேதான்."

"அப்போ இங்கே மூணேகால் டன் ஏத்தணும்."

அவர் தலையாட்டினார். எடை ஏற்கெனவே விளிம்பில் இருந்தது. மூன்றேகால் டன் எரிபொருள் ஏறினால் மூன்றேகால் டன் வேறு ஏதாவது இறங்க வேண்டும். லோட் கண்ட்ரோலுக்கு ஃபோன் போட்டேன். அங்கிருந்தவர் பெருமூச்சு விட்டார். பானிபட்டிலிருந்து வந்த விரிப்புக் கட்டுகள் ஏற்கெனவே தட்டில் கட்டித் தயாராக இருந்தன. அவை அன்றைக்குப் போகவில்லை. யார் ஏறுவது, என்ன இறங்குவது என்பதை அந்த மேசையில் அன்றாடம் முடிவு செய்வது இந்த மூன்றேகால் டன் மாதிரியான கணக்குகள்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் மேகத்துக்குப் பானிபட்டின் நெசவாளி ஒரு நாள் காத்திருக்கிறார். நெடுந்தூரம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

இனி, காற்றுக்கும் எடைக்கும் கட்டுப்படாத ஒன்று: மூடிய வானம். 2019 பிப்ரவரி இறுதியில் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஜூலை 16ஆம் தேதி வரை முழுதாகத் திறக்கவில்லை. தில்லியிலிருந்து மேற்கே போக இருந்த வாசல் அடைபட்டது. எல்லா விமானங்களும் தெற்கே குஜராத், அரபிக்கடல் என்று இறங்கிச் சுற்றின. ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் இதனால் ஏற்பட்ட இழப்பு 491 கோடி ரூபாய் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் மாநிலங்களவையில் தெரிவித்தார். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலை அடுத்து அதே வாசல் இந்திய நிறுவனங்களுக்கு மறுபடி மூடப்பட்டது. வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப ஆரம்பித்தன. தரையில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. பயணம் மட்டும் மணிக்கணக்கில் நீண்டது.

ரஷ்யாவின் கதை இதற்கு நேர் எதிர். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் அடைபட்டது. இந்திய நிறுவனங்களுக்கு அது திறந்தே இருந்தது. யுனைடெட் நிறுவனம் அந்த மார்ச் மாதம் தன் சான் ஃபிரான்சிஸ்கோ–தில்லி சேவையை நிறுத்திவைத்தது. இரண்டு நிறுவனங்கள், ஒரே இரண்டு ஊர்கள். ஒருவருக்கு எட்டும் தூரம் இன்னொருவருக்கு எட்டாத தூரமாகிவிட்டது. கடவுச்சீட்டு மனிதர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

திறந்த வானத்துக்கும் விலை உண்டு. இரண்டு எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் நின்றுபோனால் குறித்த நேரத்துக்குள் எட்டக்கூடிய நிலையம் வழிநெடுக இருக்க வேண்டும். எடாப்ஸ் என்பது அந்த விதி. 777 மாதிரி விமானங்களுக்கு 180 நிமிடம் வழக்கம். 330 நிமிடம் வரை நீட்டிக்க அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2011 டிசம்பரில் அனுமதித்தது. பசிபிக்கைக் கடக்க நாங்கள் பட்டியலிடும் பெயர்களைக் கேட்டால் பயணிகளுக்குச் சிரிப்பு வரும். அலாஸ்காவில் கோல்ட் பே என்று ஓர் ஊர்; நூறு பேருக்கும் குறைவான மக்கள்; மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம். அலூஷியன் தீவுகளில் ஷெமியா. கம்சாத்கா தீபகற்பத்தில் பெட்ரோபாவ்லோவ்ஸ்க். ஒஹோட்ஸ்க் கடலோரத்தில் மகதான். யாரும் இறங்க விரும்பாத ஊர்கள். ஒவ்வொரு இரவும் அவற்றின் வானிலையை, ஓடுதளத்தில் பனி அகற்றிவிட்டார்களா என்பதை, தீயணைப்பு வண்டி இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. அவற்றில் ஒன்று மூடியிருந்தால் பாதை அதற்கேற்ப வளைய வேண்டும். தூரம் இன்னும் கூடும்.

இந்தப் பெயர்கள் வெறும் பட்டியலாக நின்றுவிடுவதில்லை. 2023 ஜூன் 6 அன்று தில்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஒரு 777, எஞ்சின் கோளாறால் மகதானில் பத்திரமாக இறங்கியது. உள்ளே 216 பயணிகள், 16 ஊழியர்கள். இறங்குவதற்கு ஓடுதளம் இருந்தது. இத்தனை பேரைத் தங்கவைக்கப் போதுமான விடுதி இல்லை. மும்பையிலிருந்து வேறொரு விமானம் போய் அவர்களை அழைத்துக்கொண்டு அமெரிக்கா சேர இரண்டு நாள் ஆனது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே தடத்தில் இன்னொரு விமானம் க்ராஸ்னயார்ஸ்க்கில் இறங்க நேர்ந்தது. உருண்டையின் மேல் நான் மேலே இழுத்த கோட்டை நினைவுபடுத்திக்கொண்டால் அந்த ஊர் ஏன் வந்தது என்று புரியும். மாற்று நிலையம் குறிக்கும்போது ஓடுதளத்தின் நீளத்தோடு போர்வைகளின் எண்ணிக்கையையும் யோசிக்கும் பழக்கம் பல கட்டுப்பாட்டு அறைகளுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது என்பேன்.

இவ்வளவையும் கடந்து, டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்படி வருகிறது? அது பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை. தில்லியில் ஓடுதளம் வரை உருண்டு போகவே இருபது முப்பது நிமிடம் ஆவது சாதாரணம். அட்டவணை போடுகிறவர்கள் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளை வைத்து, பெரும்பாலான நாட்களில் சொன்ன நேரத்துக்குள் வந்துவிடும்படி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு என்று ஆண்டுக்கு இரண்டு முறை அட்டவணை மாறும். காற்றின் பருவம் அதைக் கேட்டு மாறுவதில்லை. அக்டோபரில் அச்சான எண், காற்று வலுத்த ஜனவரிக்கும் அதுதான். விமானம் அரை மணி முன்னதாக வந்துவிட்டது என்று கேப்டன் அறிவிக்கும்போது பயணிகள் கைதட்டுவார்கள். பெரும்பாலும் அது அட்டவணையில் முன்பே ஒளித்துவைத்திருந்த அரை மணிதான்.

அந்த எண்ணை நிமிடக் கணக்கில் குறைக்கவும் கூட்டவும் நிறுவனங்களுக்குள் சண்டையே நடக்கும். குறைத்தால் பயணிக்கு விளம்பரம் செய்யலாம். கூட்டினால் விமானிகளின் பணி நேர வரம்பு இடிக்கும். இவ்வளவு நீளப் பயணத்துக்கு நாலு விமானிகள், முறைவைத்துத் தூங்க மேலே ஒரு படுக்கை அறை. அனுமதித்த பணி நேரத்தை மீறும் என்று தெரிந்தால் கிளம்பவே விட முடியாது. ஒரு நாட்டின் மேலே பறக்க அந்த நாடு கட்டணம் வாங்கும். விமானத்தின் எடைக்கும் கடக்கும் தூரத்துக்கும் ஏற்ப அது கூடும். குறுக்கே போனால் கட்டணம், சுற்றிப் போனால் எரிபொருள். இரண்டையும் நேரத்தின் விலையோடு எடை போட்டு மென்பொருள் ஒரு வழியைக் காட்டும். அதை அப்படியே ஏற்பதா, ஒரு மூலையில் கை வைப்பதா என்று முடிவு செய்யத்தான் மேசைக்குப் பின்னால் இன்னும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊர் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வருகிறார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். தில்லியில் இறங்கிச் சென்னைக்கோ திருச்சிக்கோ கோவைக்கோ மாறுவதாக இருந்தால் நாலு மணி நேர இடைவெளியாவது வையுங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் தில்லி மூடுபனிக்காக இன்னும் கூட்டுங்கள். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் இருக்கும். கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணிக்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம், அதே எண்ணுள்ள விமானம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு இறங்கியது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஏழு நாள் நேரத்தையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். காற்று, எடை, மூடிய வானம், கோல்ட் பேயின் பனி எல்லாம் அந்த ஏழு எண்களுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அவற்றில் மிகத் தாமதமானதை வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஆளை வரச் சொல்லுங்கள்.